கஞ்சாத் தின்பண்டம் பீதி நோயைத் தீர்க்குமா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, 21 வயது நிரம்பிய எவரும் கடையில் கஞ்சா வாங்கலாம் என்ற நிலை வந்தது. புகைப்பதற்கான கஞ்சாவோடு வேறொரு சரக்கும் அக்கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டது. கஞ்சாச் சத்தைக் கலந்து செய்த சாக்லேட், பிஸ்கட், கேக், ஜெல்லி மிட்டாய் ஆகியவையே அச்சரக்கு. கனடா நாட்டிலும் 2019 அக்டோபரில் இத்தகைய தின்பண்டங்களுக்குச் சட்டம் இடமளித்தது. புகை இல்லை, நெடி இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. இவற்றை வாங்குவோர் எல்லாரும் போதையை நாடி வருபவர்கள் அல்லர். "எனக்குப் பீதி நோய் உண்டு. மாத்திரைக்கு அடங்காதது ஒரு துண்டு மிட்டாய்க்கு அடங்குகிறது" என்று சொல்லி வாங்குவோரும் இருக்கின்றனர்.

கடல் கடந்த செய்தி என்று இதை நாம் ஒதுக்கிவிட இயலாது. இக்கூற்று இன்று எந்த ஊர் மாணவரின் கைப்பேசிக்கும் எட்டிவிடுகிறது. ஆகவே அதை எடைபோட்டுப் பார்ப்பது நம் கடமை.

மருத்துவம் எனக்குரிய துறை அன்று; நான் பௌதிகம் கற்பிப்பவன். ஆயினும் ஒரு கூற்றைச் சோதிக்கும் முறை எல்லா அறிவியலுக்கும் பொதுவானது. ஒரு பொருள் ஒரு விளைவைத் தருகிறது என்று எவரேனும் சொன்னால் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். எவ்வளவு நேரத்தில்? எவ்வளவு அளவில்? எதனோடு ஒப்பிட்டு? இம்மூன்றையும் கேட்போம்.

பீதி நோய் என்பது யாது?

ஓர் இளைஞர் பேருந்தில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். காரணம் ஏதுமின்றி அவருடைய இதயம் படபடக்கிறது, மூச்சுத் திணறுகிறது, கைகள் மரத்துப் போகின்றன, வியர்வை வழிகிறது. "இதோ சாகப் போகிறேன்" என்ற அச்சம் அவரை ஆட்கொள்கிறது. மருத்துவமனைக்கு ஓடுகிறார். இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சில நாட்களில் மீண்டும் அதே தாக்குதல். அடுத்தது எப்போது வருமோ என்று அஞ்சி அவர் பேருந்தையும் கடைத்தெருவையும் தவிர்க்கத் தொடங்குகிறார். இதுவே பீதி நோய்.

பொதுவான மனக்கவலையிலிருந்து இது வேறானது என்பதை நியூயார்க்கைச் சேர்ந்த டொனால்டு கிளைன் 1960-களின் தொடக்கத்தில் எடுத்துக் காட்டினார். இமிப்ரமின் என்னும் மருந்து இத்தாக்குதல்களைக் குறைப்பதை அவர் கண்டார். 1980-இல் அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் நோய்ப் பட்டியலில் பீதி நோய் தனியொரு நோயாக இடம்பெற்றது. 1986-இல் இங்கிலாந்தின் டேவிட் கிளார்க் இதன் உள்ளியக்கத்தை விளக்கினார். இதயம் சற்றே வேகமாகத் துடிக்கிறது, அதை நோயாளி ஆபத்தின் அறிகுறி என்று கொள்கிறார், அச்சம் எழுகிறது, அச்சத்தால் துடிப்பு மேலும் கூடுகிறது, அதனால் அச்சமும் கூடுகிறது. ஒலிபெருக்கிக்கு எதிரே ஒலிவாங்கியை வைத்தால் கிளம்பும் ஊளை போன்றது இது. வெளியீடே உள்ளீடாகத் திரும்பி வந்து தன்னைப் பெருக்கிக் கொள்கிறது.

ஆனால் இந்த ஊளை என்றென்றும் நீடிப்பதில்லை. பீதித் தாக்குதல் பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து, அரைமணி நேர அளவில் தானாகவே தணிகிறது. இந்த எண்களை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

வயிற்றின் வழியே மூளைக்கு

கஞ்சாவின் போதைக்குக் காரணமான பொருள் டெட்ராஹைட்ரோகேனபினால். சுருக்கமாக டி.எச்.சி. என்பர். 1964-இல் இஸ்ரேல் நாட்டின் ரஃபேல் மெக்கூலமும் எஹியேல் கவோனியும் அதைத் தூய நிலையில் பிரித்தெடுத்து அமைப்பைக் கண்டறிந்தனர். அது மூளையில் பற்றிக்கொள்ளும் இடங்கள் பின்னர்க் கண்டுபிடிக்கப்பட்டன. அச்சத்தை எழுப்புவதில் பெரும்பங்கு வகிக்கும் அமிக்டலா என்ற பகுதியிலும் அத்தகைய இடங்கள் உள்ளன. அவ்விடங்களைப் பற்றும் பொருளொன்றை நம் உடலே சுரக்கிறது என்பது 1992-இல் தெரியவந்தது. அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டனர். நம் 'ஆனந்தம்' என்ற சொல்லே அப்பெயரின் வேர்.

எனவே கஞ்சாவுக்கும் அச்சத்துக்கும் தொடர்பு உண்டு என்பதில் ஐயமில்லை. அத்தொடர்பு எந்தத் திசையில் இயங்குகிறது என்பதே வினா.

புகையாக உள்ளிழுத்தால் டி.எச்.சி. நுரையீரல் வழியே சில நிமிடங்களில் மூளையை எட்டுகிறது. தின்றால் அதன் பயணம் நீண்டது. வயிறு, சிறுகுடல் ஆகியவற்றைக் கடந்து முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கே பெரும்பகுதி சிதைக்கப்படுகிறது. தின்ற டி.எச்.சி.யில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவாகவோ மாறாமல் இரத்தத்தை அடைகிறது. மற்றொரு பகுதி கல்லீரலில் 11-ஹைட்ராக்சி-டி.எச்.சி. என்ற பொருளாக மாறுகிறது. அதுவும் போதை தருவதே. மூளைக்குள் எளிதில் நுழைவதே. ஆகவே தின்பண்டத்தின் விளைவு பெரும்பாலும் 30 முதல் 90 நிமிடங்கள் கழித்தே தொடங்குகிறது. சிலருக்கு இரண்டு மணி நேரமும் ஆகும். உச்சத்தை எட்ட 2 முதல் 4 மணி நேரம்; நீங்க 6 முதல் 8 மணி நேரம் அல்லது அதற்கும் மேல். வயிறு வெறுமையாக உள்ளதா, கொழுப்புள்ள உணவு உண்டிருக்கிறாரா என்பதைப் பொறுத்தும் இவை மாறும்.

முதல் வினா: எவ்வளவு நேரத்தில்?

இப்போது ஒரு எளிய கணக்கைப் போடுவோம். காலை 10 மணிக்கு ஒருவருக்குப் பீதித் தாக்குதல் தொடங்குகிறது. உடனே ஒரு துண்டு மிட்டாயைத் தின்கிறார். 10 மணி 10 நிமிட அளவில் பீதி உச்சத்தை எட்டுகிறது. 10.30 மணிக்கு அது பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. மிட்டாயின் விளைவோ மிக விரைவாகத் தொடங்கினாலும் 10.30 மணிக்கே தொடங்கும், தாமதமானால் 11.30 அல்லது நண்பகல் ஆகும்.

அதாவது, தீ அணைந்தபின் தீயணைப்பு வண்டி வந்து சேர்கிறது. ஆயினும் "மிட்டாய் தின்றேன், பீதி தணிந்தது" என்று அவர் சொல்வதில் பொய் இல்லை. முன்னது தின்றது, பின்னது தணிந்தது, வரிசை சரியே. காரணம் மட்டும் பிழை. தானே தணிந்ததன் வரவை மிட்டாயின் கணக்கில் எழுதிவிட்டார்.

கதை இத்தோடு முடிவதில்லை. டி.எச்.சி. இதயத் துடிப்பைக் கூட்டும் இயல்புடையது. பீதி நோயாளியோ தம் இதயத் துடிப்பையே சந்தேகத்துடன் உற்றுக் கேட்டுக் கொண்டிருப்பவர். தாக்குதல் ஓய்ந்து அவர் வேலையில் அமர்ந்திருக்கும் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையே மிட்டாய் தன் உச்சத்தை எட்டுகிறது. துடிப்புக் கூடுகிறது. ஒலிபெருக்கிக்கு எதிரே ஒலிவாங்கியை மீண்டும் கொண்டுபோய் வைத்தது போலாகிறது.

இரண்டாம் வினா: எவ்வளவு?

2017-இல் அமெரிக்காவின் சிகாகோ நகர ஆய்வாளர்கள் மூவர், எம்மா சைல்ட்ஸ், ஜோசப் லட்ஸ், ஹேரியட் டி விட் ஆகியோர், ஓர் ஆய்வை வெளியிட்டனர். கஞ்சாவை ஆதரிப்போர் பலரும் இதை மேற்கோள் காட்டுவதுண்டு. நல்ல ஆய்வுதான், ஆனால் அதை முழுவதும் படிக்க வேண்டும்.

42 நலமான தன்னார்வலர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு வெற்றுக் கூட்டுமாத்திரை. ஒரு குழுவுக்கு 7.5 மில்லிகிராம் டி.எச்.சி.; மற்றொன்றுக்கு 12.5 மில்லிகிராம். யாருக்கு எது தரப்பட்டது என்பது தின்றவருக்கும் தெரியாது, அருகிலிருந்து கவனித்தவருக்கும் தெரியாது. மருந்து இரத்தத்தில் கலக்க நேரம் கொடுத்தபின் அவர்களைச் சோதனைக்கு உட்படுத்தினர். அயலார் முன்னிலையில் வேலைக்கான நேர்காணல் போலப் பேச வேண்டும். பிறகு ஒரு பெரிய எண்ணிலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

7.5 மில்லிகிராம் உண்டவர்கள் வெற்று மாத்திரை உண்டவர்களைக் காட்டிலும் குறைவான மனவேதனையையே தெரிவித்தனர். இதுவரை படித்துவிட்டுத்தான் பலர் நூலை மூடிவிடுகிறார்கள். 12.5 மில்லிகிராம் உண்டவர்களின் நிலை என்ன? சோதனைக்கு முன்னரும் சோதனையின் போதும் அவர்களுடைய மனநிலை மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. பேச்சிலும் தடங்கல்கள் மிகுந்தன.

இரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 5 மில்லிகிராம் மட்டுமே. கொலராடோ அரசு ஒரு வேளைக்குரிய அளவாக வகுத்தது 10 மில்லிகிராம். ஒரு பொட்டலத்தில் 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆறுதலுக்கும் அவதிக்கும் இடையே உள்ள எல்லை அரைத்துண்டு மிட்டாயில் அடங்கிவிடுகிறது. கனடா ஒரு பொட்டலத்துக்கே 10 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியது முன்னெச்சரிக்கையான செயல்.

மேலும், பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதை நம்பலாமா? சான்பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சியாட்டில் ஆகிய நகரங்களில் மருத்துவக் கஞ்சா என்று விற்கப்பட்ட 75 தின்பண்டங்களைச் சோதித்து ரையன் வேண்ட்ரேயும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் முடிவுகளை வெளியிட்டனர். குறிப்பிட்ட அளவோடு ஏறத்தாழப் பொருந்தியவை 17 விழுக்காடே. 23 விழுக்காட்டில் குறிப்பிட்டதைவிடக் கூடுதலாக டி.எச்.சி. இருந்தது, 60 விழுக்காட்டில் குறைவாக இருந்தது. ஐந்து மில்லிகிராம் பிசகினால் பலன் தலைகீழாகும் மருந்தை, இவ்வளவு பிசகும் தராசில் நிறுத்துக் கொடுக்கலாமா?

தாமதமும் அளவும் சேர்ந்தால்

குளியலறைக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் நடுவே நீண்ட குழாய் இருப்பதாகக் கொள்ளுங்கள். வெந்நீர்க் குழாயைத் திருகுகிறீர்கள். தண்ணீர் குளிர்ச்சியாகவே வருகிறது. மேலும் திருகுகிறீர்கள். இன்னும் குளிர்ச்சி. முழுவதும் திருகுகிறீர்கள். பிறகு திடீரெனக் கொதிநீர் உங்கள் முதுகைச் சுடுகிறது. குற்றம் உங்கள் அறிவில் இல்லை. செயலுக்கும் விளைவுக்கும் இடையே தாமதம் உள்ள எந்த அமைப்பிலும் இப்படித்தான் அளவு மீறும்.

கஞ்சாத் தின்பண்டத்தில் நடப்பதும் இதுவே. 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் பத்தி எழுத்தாளர் மொரீன் டௌட் 2014-இல் டென்வர் நகர விடுதியில் ஒரு கஞ்சாச் சாக்லேட்டைக் கொறித்தார். ஒன்றும் நிகழவில்லை என்று மேலும் கொறித்தார். ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கிய மருட்சி எட்டு மணி நேரம் நீடித்தது என்று அவரே எழுதினார். புதியவர்கள் அந்தச் சாக்லேட்டைப் பதினாறு துண்டுகளாக்கி உண்ண வேண்டும் என்பது அவருக்குப் பின்னரே தெரிந்தது. அவர் பிழைத்தார். அதே ஆண்டு மார்ச்சில் 19 வயது மாணவர் ஒருவர் 65 மில்லிகிராம் டி.எச்.சி. கொண்ட பிஸ்கட்டில் ஒரு துண்டைத் தின்றார். அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை விளைவு தெரியாததால் மீதியையும் தின்றார். சில மணி நேரத்தில் நிலை தடுமாறி நான்காம் மாடியிலிருந்து குதித்து உயிரிழந்தார். இந்நிகழ்ச்சியை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2015-இல் பதிவு செய்தது. இத்தகைய சாவு மிக அரிதானது. ஆனால் 'இன்னும் ஒரு துண்டு' என்ற மனப்போக்கு அரிதானது அன்று. பீதியின் பிடியில் உள்ளவரிடம் பொறுமையாகக் காத்திருக்கச் சொல்வது மிகக் கடினம்.

கொலராடோவின் பெரிய மருத்துவமனை ஒன்றின் 2012 முதல் 2016 வரையிலான அவசரப் பிரிவுப் பதிவுகள் 2019-இல் ஆராயப்பட்டன. கஞ்சாவைத் தின்று வந்தவர்களில் 18 விழுக்காட்டினர் கடுமையான மனநலக் கோளாறுகளுடன் வந்தனர். உள்ளிழுத்து வந்தவர்களில் இது 10.9 விழுக்காடு. விற்பனையான டி.எச்.சி. எடையில் தின்பண்டத்தின் பங்கு 0.32 விழுக்காடாக இருக்க, கஞ்சாவினால் நேர்ந்த வருகைகளில் அதன் பங்கு 10.7 விழுக்காடாக இருந்தது. இந்த இரண்டாம் ஒப்பீட்டை அப்படியே ஏற்பதும் சரியன்று. புகைக்கும்போது டி.எச்.சி.யில் ஒரு பகுதி எரிந்தும் காற்றில் கலந்தும் வீணாவதால், எடையைக் கொண்டு ஒப்பிட்டால் தின்பண்டத்தின் தீங்கு மிகைப்பட்டுத் தெரியும். அதைக் கழித்தாலும் முதல் ஒப்பீடு நிற்கிறது.

மூன்றாம் வினா: எதனோடு ஒப்பிட்டு?

2018-இல் வெளியான ஓர் ஆய்வில், கஞ்சாவை மருந்தாகப் புகைத்தவர்கள் புகைப்பதற்கு முன்னும் பின்னும் தம் நிலையைக் கைப்பேசியில் பதிவு செய்தனர். கவலை 58 விழுக்காடு குறைந்தது என்று தெரிந்தது. எண் பெரியதுதான். ஆனால் கஞ்சா உட்கொள்ளாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. கவலை மிகுந்தபோதுதான் ஒருவர் மருந்தை நாடுவார். மிகுந்தது எதுவாயினும் சற்றுப் பொறுத்தால் சராசரியை நோக்கி இறங்கும். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பதைக் காட்டி 1886-இல் பிரான்சிஸ் கால்ட்டன் விளக்கிய உண்மை இது. காய்ச்சலின் உச்சத்தில் வெறும் சர்க்கரையைக் கொடுத்தாலும் பிறகு காய்ச்சல் இறங்கத்தான் செய்யும். அந்த 58-இல் மருந்தின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. மேலும் அவர்கள் புகைத்தவர்கள்; தின்றவர்கள் அல்லர்.

2019-இல் 'லேன்செட்' குழுமத்தின் உளமருத்துவ இதழ் 83 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டது. டி.எச்.சி.யால் கவலை ஓரளவு குறைந்ததற்குச் சான்று கிடைத்தது. ஆனால் அது நீங்கா வலி போன்ற வேறு நோய்களால் வாடியவர்களிடம் கண்டது. அச்சான்றின் தரமும் மிகக் குறைவு என்று தொகுத்தவர்களே கூறிவிட்டனர்.

எதிர்த்தரப்பின் வலிமை

எதிர்த்தரப்பின் வாதங்களையும் நேர்மையாக எடுத்துக் கூற வேண்டும். பீதி நோய்க்கு இன்று தரப்படும் மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகின்றன. உடனே பலன் தரும் தூக்க வகை மாத்திரைகளோ பழக்கத்தில் ஆழ்த்துபவை. இவ்விரண்டுக்கும் இடையே சிக்கியவர் வேறு வழி தேடுவது இயல்பே. 1970-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்து ஆய்வையே பல ஆண்டுகள் முடக்கியது என்பதும் உண்மை. கஞ்சாவின் மற்றொரு கூறான கேனபிடயால் போதை தருவதில்லை. டி.எச்.சி. எழுப்பும் அச்சத்தை அது குறைப்பதாக 1982-இல் பிரேசிலின் அன்டோனியோ சுவார்டி குழுவினர் காட்டினர். அதை மேலும் ஆராய வேண்டும். ஆனால் அது வேறு பொருள். அதற்குக் கிடைக்கும் நற்பெயரை டி.எச்.சி. மிட்டாய்க்கு மாற்றித் தருவது முறையாகாது.

"இந்தியாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாங்கு உண்கிறார்களே" என்பது இன்னொரு வாதம். 1893-94-இல் ஆங்கில அரசு அமைத்த கஞ்சா விசாரணைக் குழு, அளவான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை என்றது. மிகையான பயன்பாடு தீங்கு என்றும் சொன்னது. ஆனால் 1980-இல் தனிப் பெயர் பெற்ற ஒரு நோய்க்கு 1894-ஆம் ஆண்டு அறிக்கையில் மருந்து தேட இயலாது. தீங்கில்லை என்பது வேறு. நோய் தீர்க்கும் என்பது வேறு.

"தாக்குதல் வந்தபின் வேண்டாம், நாள்தோறும் சிறிதளவு முன்கூட்டியே தின்றால் என்ன?" என்பதே அவர்களுடைய வலுவான வாதம். இங்கே காலக் கணக்கு தடையாக நிற்காது. ஆனால் நாள்தோறும் உண்டால் உடல் பழகிவிடுகிறது, அளவு ஏறுகிறது. நிறுத்தினால் பதற்றமும் தூக்கமின்மையும் தோன்றுகின்றன. இது 2013-ஆம் ஆண்டு நோய்ப் பட்டியலில் ஏற்கப்பட்ட உண்மை. அப்பதற்றத்தைத் தன் பழைய நோய் என்று எண்ணி மறுபடியும் தின்கிறார், பதற்றம் தணிகிறது. "பார்த்தீர்களா, மருந்து வேலை செய்கிறது!" என்கிறார். கடன் கொடுத்தவனே வட்டியைத் தள்ளுபடி செய்து வள்ளல் என்று பெயர் வாங்கிக் கொள்வது போன்றது இது.

உண்மையான இழப்பு

போதை, சட்டம், செலவு ஆகிய அனைத்தையும் ஒதுக்கி வைத்தாலும் ஓர் இழப்பு எஞ்சுகிறது. பீதி நோய்க்கு நல்ல பலன் தருவதாக நிறுவப்பட்ட உளச் சிகிச்சையில் நோயாளியை வேண்டுமென்றே படிக்கட்டில் ஓடச் செய்கிறார்கள். நாற்காலியில் சுழலச் செய்கிறார்கள். மெல்லிய குழல் வழியே மூச்சு விடச் செய்கிறார்கள். இதயம் படபடக்கிறது, தலை சுற்றுகிறது, ஆனால் அவர் சாகவில்லை. சில நிமிடங்களில் எல்லாம் தானே அடங்குவதை அவரே காண்கிறார். பல முறை கண்டபின் துடிப்பைக் கண்டு அஞ்சுவது நீங்குகிறது. ஊளைக்குக் காரணமான சுற்று அறுபடுகிறது.

சட்டைப்பையில் மிட்டாய் வைத்திருப்பவர் இதைக் காண்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் "மிட்டாயால் பிழைத்தேன்" என்றே அவர் கற்றுக்கொள்கிறார். தம் உடலே தம்மைக் காத்தது என்ற உண்மை அவருக்கு மறைக்கப்படுகிறது. மிட்டாய் தீர்ந்த நாளில் அவர் முன்னிலும் அதிகமாக அஞ்சுவார்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ இத்தகைய தாக்குதல் வந்தால் முதலில் மருத்துவரிடம் சென்று இதயத்தையும் தைராய்டையும் சோதித்துக் கொள்ளுங்கள். அவை நன்றாக இருப்பின் மனநல மருத்துவரைக் காண்பதில் வெட்கம் வேண்டாம். மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அதனோடு ஓர் எளிய அளவீட்டையும் செய்யுங்கள். சிகிச்சையில் உளவியலாளர்களும் இதைச் செய்யச் சொல்வதுண்டு. தாக்குதல் தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் குறியுங்கள். உச்சத்தை எட்டிய நேரத்தையும், தணிந்த நேரத்தையும் குறியுங்கள். நான்கைந்து தாக்குதல்களின் கணக்குச் சேர்ந்தால் அவை எவ்வளவு நேரத்தில் தாமாகவே அடங்குகின்றன என்பது உங்கள் கையெழுத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். மருத்துவரிடம் செல்லும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.